திரும்பிப் புகாத கல்

“…வெட்டிவிடுற சாமியிட்டைப் போய், சேர்த்து வையுங்கோ எண்டு கும்பிட்டிட்டன் அண்ணை!”

பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்கார அம்மா, ஜப்பான் போய் வந்த கதையை இப்படித்தான் சொன்னார். கட்டையான உருவம். கல்லா மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கி வெளியே வரமாட்டார். எப்போதும் அதன் கீழே குனிந்துதான் வருவார். கேட்டால், “குனிஞ்சா குறைஞ்சு போகமாட்டன், ஏற்கெனவே கட்டைதானே” என்பார்.

மகளோடு பார்க்கப் போன ஷிண்டோ கோயில்களில் ஒன்றில், நடுவே துளையுள்ள ஒரு பெரிய கல் இருந்ததாம். கல்லின் உடம்பெல்லாம் வேண்டுதல் எழுதிய வெள்ளைத் தாள்கள். முன்பக்கத்தால் தவழ்ந்து போனால் கெட்ட உறவு அறும், பின்பக்கத்தால் திரும்பி வந்தால் நல்ல உறவு சேரும் என்பது நம்பிக்கை. இவரோ, பேச்சுவார்த்தை இல்லாத தங்கையோடு சேரவேண்டும் என்று நினைத்துத் தவழ்ந்திருக்கிறார்.

“போனதோடை சரி. பின்னாலை சனம் நிக்குது, முழங்காலும் நோ. எழும்பி வந்திட்டன். பிறகுதான் மகள் சொல்லுறாள், ‘அம்மா, நீங்கள் வெட்டினதோடை வந்திட்டீங்கள்’ எண்டு.”

“அப்ப திரும்பி வர இன்னொருக்கா ஜப்பானுக்குப் போகவேணும்” என்று கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கடைக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

“அவ்வளவு தூரம் ஏன் அண்ணை? தங்கச்சி எதிர்க்கடையிலைதானே சீலை விக்கிறாள்.”

பிறகு ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றினார். “அவளுக்குச் சீனி ஆகாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி பலகையின் கீழே குனிந்து வெளியே வந்து, தெருவைக் கடந்தார்.