துடைப்பத்துக்கு முன்னால்

வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரில் முதலில் சாலையில் இறங்குகிற ஆள் ஆர்விட்தான். அவருடைய வண்டி பனியைத் தள்ளி ஒதுக்கிய பிறகுதான் பள்ளிப் பேருந்துக்கே வழி. அப்பேர்ப்பட்ட மனிதர், இப்போது தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக் காலையில், ஊர் வருஷா வருஷம் நடத்தும் வான்கோழி ஓட்டத்தின் கடைசி ஆளாக ஏரிக்கரைச் சாலையில் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். தலையில் வான்கோழித் தொப்பி வேறு.

பின்னால் சர்... சர்... என்று தரையைக் கூட்டிக்கொண்டே வந்தாள் பக்கத்து வீட்டு டெல்லா. அந்த ஊர் வழக்கம் அது. எல்லோருக்கும் பின்னால் ஒருவர் துடைப்பத்தோடு வருவார். துடைப்பம் யாரைத் தாண்டுகிறதோ அவர் ஆட்டத்தில் இல்லை, வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். மற்றவர்களுக்கு இது சிரிப்பு. ஆர்விட்டின் வீடே இதில் மாட்டியிருந்தது.

வசந்தத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து மகள் கரின் ஒரே பிடியாக இருந்தாள். டுலூத் நகரத்தில் முதியோர் இல்லம் பார்த்தாயிற்று, வீட்டை விற்றுவிடலாம் என்று. முந்தின நாள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவும்போது சண்டை முற்றியது.

"நாளைக்கு ஓடிக் காட்டுறேன். துடைப்பத்துக்கு முன்னாடி வந்துட்டா?"

"வந்துட்டா இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்ப்பா. வரலேன்னா வாயத் தெறக்காம கையெழுத்துப் போடணும்."

வீம்பில் அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

"டெல்லா, கொஞ்சம் மெதுவாத்தான் வாயேன்," என்றார் ஆர்விட் இப்போது, நடந்துகொண்டே.

"முடியாது. ஊரே நம்பி என் கையில குடுத்திருக்கு. பேசுற மூச்சை மிச்சம் பிடிச்சு நட. நீ டுலூத் போயிட்டா என் வாசல் பனியை யாரு தள்ளுவா?"

துடைப்பத்தின் நுனி ஒருமுறை குதிகாலில் உரசியது. இடது முழங்கால் எப்போது வேண்டுமானாலும் காலை வாரிவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

சாலை வளைவுக்கு அருகில் துடைப்பத்தின் சத்தம் நின்றது. தப்பித்தோம் என்று மனம் குதித்தது உண்மை, அதை மறைப்பானேன். திரும்பிப் பார்த்தார். டெல்லா உறைபனியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிக்காதே, போ! முடிவுக் கோட்டைத் தாண்டிட்டு ஆளை அனுப்பு."

அவள் சொன்னது நியாயம்தான். வளைவைத் தாண்டினால் தீயணைப்பு நிலையம், அதன் வாசலில் முடிவுக் கோடு. ஆனால் ஏரிக் காற்று ஊசியாய்க் குத்தியது, அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆர்விட் தன் தலையெழுத்தை நொந்துகொண்டே திரும்பி நடந்தார்.

"கிறுக்கா உனக்கு? என்னைத் தூக்கப் போயி நீ விழுந்தா, உன் பொண்ணு இன்னைக்கே உன்னை வண்டியில ஏத்திருவா."

"வாய மூடிட்டுத் தோளைப் பிடி."

முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறை முழங்கால் மடங்கிவிட்டது. அவர் ஒரு வேலிக் கம்பத்தைப் பற்றிக்கொண்டு தப்பினார். மூன்றாம் முறை இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"துடைப்பம்! அதை விட்டுட்டு வர மாட்டேன்."

சனியனே என்று முணுமுணுத்து அதையும் எடுத்துக்கொண்டார். வளைவு திரும்பியதும் கூட்டம் ஓவென்று கத்தியது. கோட்டருகே கரின் நின்றிருந்தாள். அவள் பார்வை அப்பாவின் கையிலிருந்த துடைப்பத்தில் விழுந்தது. துடைப்பம் அவரைப் பிடித்துவிட்டதென்று நினைத்தோ என்னவோ, முகம் வெளுத்தது.

ஆர்விட் நின்றார். யோசித்தார். பிறகு துடைப்பத்தின் கம்பை மறுபக்க அக்குளில் இடுக்கி, கூட்டும் பக்கத்தைப் பின்னால் தரையில் தொங்கவிட்டு, இழுத்துக்கொண்டே நடந்தார். வலியிலும் டெல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கோட்டைத் தாண்டியதும் நாலு பேர் ஓடிவந்து டெல்லாவைத் தாங்கிக்கொண்டார்கள்.

"அப்பா, துடைப்பத்தோடயா வர்றீங்க?"

"துடைப்பத்தோட இல்லம்மா. துடைப்பத்துக்கு முன்னாடி. பின்னாடி பாரு."

கரின் பார்த்தாள். பனியில் நீளமாக இழுபட்ட கோடு அவர் காலுக்குப் பின்னால் முடிந்திருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"சரிப்பா. ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சு இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப கொஞ்சம் பிடிச்சுக்கோ," என்றார் ஆர்விட். "இனிமே ஒரு அடிகூட என்னால நடக்க முடியாது."