எட்டாவது நிமிட மணி

பெப்ரவரி 15, சனிக்கிழமை. கொழும்பு விடுதியிலும் வழமைபோல நான்கரைக்கே எழுந்தேன். குளித்து, திருநீறு பூசி, ஐந்தரைக்கு வெறும் தேநீர் குடித்தேன். ஆறு மணிக்கு என் தாளத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன். வீட்டில் என்றால் இந்த நேரம் கோழிகளுக்குத் தீனி வைத்திருப்பேன்.

வன்னியில் எங்கள் பகுதித் தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்கு ஒரு சிறிய சங்கம் உண்டு. நான் அதன் செயலாளர், தாளமும் போடுவேன். நாடு முழுவதிலுமிருந்து இசைக்குழுக்களும் விழா நடத்துபவர்களும் கூடும் மாநாட்டுக்கு முதல் தடவையாக எங்களை அழைத்திருந்தார்கள். பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். பிடித்துப்போனால் மாவட்டம் மாவட்டமாகப் போகும் மேடைக் கச்சேரியில் சேர்த்துக்கொள்வார்கள்.

அதற்கு மிகவும் ஆசைப்பட்டவர் உருத்திரபுரத்துத் தவில்காரர்.

"கோயிலிலை சனம் சாமியைப் பாக்குது. கலியாணத்திலை பொம்பிளையைப் பாக்குது. ஒருக்காலெண்டாலும் கதிரையிலை இருந்து எங்களைக் கேக்கட்டும், அண்ணை," என்று வரும் வழியில் சொன்னார்.

"வீடியோக்காரன் எங்களைத் தள்ளிப்போட்டெல்லே பொம்பிளையைப் பிடிக்கிறவன்," என்றார் நாதஸ்வரக்காரர்.

விதிகளை வாகனத்தில் இரண்டு தடவை உரக்க வாசித்தேன். எட்டாவது நிமிடத்தில் ஒரு மணி. முடிக்கத் தயாராக வேண்டும். பத்தாவதில் இன்னொரு மணி, நிறுத்த வேண்டும். "ஓம், ஓம்" என்றார்கள்.

பத்து இருபதுக்குத் தொடங்கினோம். நாதஸ்வரக்காரர் ஆறுதலாகக் கல்யாணி வாசித்தார். கதிரைகளில் ஒருவரும் அசையவில்லை. தவில்காரர் அவர்களையே பார்த்தபடி மெல்ல வாசித்தார். எட்டாவது நிமிடத்தில், நேரம் பார்க்க முன்மேசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒரு சின்னப் பித்தளை மணியை ஆட்டினார்.

கோயிலில் மணி அடித்தால் தீபாராதனை. கலியாணத்தில் ஐயர் மணி அடித்தால் தாலி. இரண்டுக்கும் கெட்டிமேளம் முழங்கவேண்டும். முப்பது வருடம் பழகிய கைகள் யாரையும் கேட்கவில்லை. தவில் முழங்கியது, நாதஸ்வரம் உச்சிக்குப் போனது, விதிகளை வாசித்த என் தாளமும் கூடவே ஓடியது. பத்தாவது நிமிடத்தில் அம்மையார் மறுபடியும் ஆட்டினார். எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக ஆட்டினார். நாங்களும் பலமாக வாசித்தோம். பின்னால் நின்ற தமிழ்ப் பரிசாரகர் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைக்கு மேல் கைகூப்பினார். அம்மையார் களைத்து மணியை வைத்தபிறகுதான் நிறுத்தினோம். பதினொன்றரை நிமிடம்.

"என்ரை கையாலையே கெடுத்துப்போட்டன்," என்றார் தவில்காரர். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

"நீர் மட்டுமே? செயலாளரும் சேர்ந்துதான் தாலி கட்டி வைச்சவர்," என்றார் நாதஸ்வரக்காரர்.

புறப்படும் நேரத்தில், கச்சேரிகளை ஒழுங்கு செய்பவர் எங்களைத் தேடி வந்தார். கண்டிக்காரர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். "நல்லா இருந்தது. ஆனா நேரம்," என்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். அடுத்த சனிக்கிழமை அநுராதபுரத்தில் இன்னொரு தடவை கேட்பாராம். மணிக்கு நிறுத்தினால் இடம் உண்டு.

திரும்பும் வழியில் புளியங்குளத்தில் தேநீருக்கு இறங்கியபோது தவில்காரர் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"அண்ணை, அவையள் கடைசிவரைக்கும் கதிரையாலை எழும்பேல்லை, கண்டனீங்களே?"

"கண்டனான்."

"மணிக்கு நிப்பாட்டப் பழக ஏலுமே?"

"நாளைக்கே தொடங்குவம்."

ஞாயிறு காலை, கோழிகளுக்குத் தீனி வைப்பதற்கும் முன்னர், சாமியறை மணியை எடுத்து, வழியில் சத்தமிடாதபடி அதன் நாக்கில் துணி சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு உருத்திரபுரத்துக்குப் புறப்பட்டேன்.