செப்பில் விழாத கோடுகள்

அப்போது எனக்கு எட்டு வயது. கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. சுரங்கத் தூசி நெஞ்சில் படிந்து அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் மாமாதான் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் வெயிலில் உட்கார வைப்பார். அதற்குப் பிறகுதான் சுரங்கத்து மின்சாரப் பிரிவுக்கு ஷிப்டுக்குப் போவார்.

பெங்களூர் ரேடியோ தொழிற்சாலை ஒன்று மாமாவை ஒரு திங்கட்கிழமை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. சொந்தமாகச் செய்த சர்க்யூட் போர்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடிதம் வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சுதான்.

"இங்க இன்னாடா கீது? நீயும் நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காரணுமா? போய்ச் சேருடா."

மாமா யாரோ சிநேகிதரிடமிருந்து பழுப்புப் பாட்டிலில் ஒரு மருந்து வாங்கி வந்தார். அதைச் செப்புத் தகட்டில் பூசி, இருட்டில் காயவைத்து, கோடுகள் மட்டும் வெளிச்சம் புகும்படி விட்டு மற்ற இடமெல்லாம் கறுப்பாக்கிய பிலிமை மேலே வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட கோடுகள் மட்டும் இறுகி நிற்கும். மற்றது கழுவினால் போய்விடும். பிறகு திராவகத்தில் போட்டால் கோடு இல்லாத இடத்துச் செம்பு கரைந்துவிடும் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

அலமாரிக்குள் தகடு காய்ந்துகொண்டிருந்தபோது நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டேன். அன்று எவ்வளவு கழுவியும் எதுவும் போகவில்லை. தகடு முழுக்கப் பிசின்போல் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை அலமாரிப் பக்கமே போகவில்லை. அப்போதும் அதே பிசின். மூன்றாம் முறையும் அப்படியேதான். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன்.

"மாமா, நான்தான் கதவத் தொறந்துட்டேன்."

"எப்போ?"

"மொத தபா."

"அப்ப மத்த ரெண்டு தபா யாரு தொறந்தது?"

மாமா சிரித்தார். சமாதானமாகாமல் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில், இந்த வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வருடம் போட்டிருந்தது. அது எப்போதோ முடிந்துபோன வருடம். காட்டியதும் மாமா பாட்டிலை மெதுவாக வாங்கி, சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத, இன்னா?"

திங்கட்கிழமை காலை பெங்களூர் ரயில் மாமா இல்லாமல் போனது. "அக்கா, மருந்து பழசு. எனக்கு இன்னா தெரியும்?" என்று அம்மாவிடம் சொன்னார். தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா கொஞ்சம் எனாமல் பெயிண்டும் மெல்லிய தூரிகையும் எடுத்து, செப்புத் தகட்டில் கையாலேயே கோடு போட்டார். காய்ந்ததும் திராவகத்தில் போட்டார். சாயங்காலத்துக்குள் பளிச்சென்று ஒரு போர்டு. அப்பாவின் கட்டிலருகே வைக்க ஒரு சின்ன ரேடியோ செய்யவாம்.

"இவ்ளோ ஈஸியா? அன்னிக்கே இப்பிடிச் செஞ்சிருக்கலாமே மாமா?"

"அன்னிக்குத் தோணல."

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். போர்டு நன்றாக வந்ததற்கு யாராவது அழுவார்களா?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் தோழியிடம் சொன்னேன்: எங்கள் மாமா ரொம்ப நல்லவர், ஆனால் புத்திதான் கொஞ்சம் மந்தம்.