சந்தனப் பொட்டு வைத்த பேக்கப்

கே.கே. நகர் வெங்கடேஷ்பாபுவை ஒத்தக்கடையில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டதில்லை. ஒருத்தனை சார் என்று கூப்பிட அவனுக்கு ஒரு உத்தியோகமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அவனால் நாலு பேருக்கு உபயோகமாவது இருக்க வேண்டும். இவன் கணக்கில் இரண்டும் பூஜ்யம்.

அவனிடம் இருந்தது ஒரு ரெக்ஸின் பை, அது நிறைய சிடி. இரண்டாயிரத்து நான்கு வாக்கில் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினால் கூடவே ஒரு சிடியை இலவசமாகத் தருவார்கள். மாதா மாதம் அதைச் சேர்த்து வைத்திருந்தான். பத்திரிகையைப் படித்தானா என்பது சந்தேகம். சிடியில் உள்ள இலவச சாஃப்ட்வேரை எல்லாம் ஊரில் கண்ணில் படுகிற கம்ப்யூட்டர்களில் ஏற்றிவிடுவதுதான் அவன் வாழ்க்கை லட்சியம். நல்ல சௌராஷ்டிரா குடும்பம். அப்பா விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்து மரியாதையாகப் பிழைத்தவர். மனைவி வசுந்தரா தனியார் பள்ளியில் டீச்சர். அந்த அம்மாள் விடியலில் எழுந்து சமைத்து, பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் ட்யூஷனும் எடுத்து வீட்டை ஓட்டிக்கொண்டிருக்க, இவன் பையை மொபெட்டில் மாட்டிக்கொண்டு ஊர்சேவைக்குப் புறப்படுவான்.

காசு வாங்கமாட்டான். அதுதான் அவனிடம் இருந்த பெரிய ஆபத்து. காசு வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். சும்மா செய்துகொடுத்தவனை என்ன சொல்லிக் கேட்பது? அவனுக்கு வேண்டியது ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி, "சார் மட்டும் இல்லேன்னா எங்க பாடு திண்டாட்டம்தான்" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை கிடைக்கும் என்றால் உச்சி வெயிலில் மேலூர் வரைக்கும் மொபெட்டில் போவான். என் ஜெராக்ஸ் மெஷினைக்கூட ஒரு நாள் ஆசையாகத் தடவிப் பார்த்தான். "கையை எடு" என்றேன். எடுத்துவிட்டான். அன்றைக்கு நான் தப்பித்தேன்.

பக்கத்துக் கடை ஜெயபாண்டி தப்பிக்கவில்லை. என் கடைக்கும் அவன் ஸ்டுடியோவுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஜெயபாண்டிக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூர் பக்கம். ஃபிலிம் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த வருஷம்தான் டிஜிட்டலுக்கு மாறியிருந்தான். கம்ப்யூட்டரும் புதுசு. கல்யாண சீசன் முடிவதற்குள் கம்ப்யூட்டர் நிரம்பிப்போய், ஒரு படத்தைத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. வெங்கடேஷ்பாபுவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"ஜெயபாண்டி, இத இப்படி வச்சிருக்கவே கூடாது. அம்புட்டு படத்தையும் அமுக்கிப் பொட்டலமாக் கட்டி சிடில ஏத்திரணும். அதுக்குப் பேர்தான் பேக்கப். நாளைக்கே கம்ப்யூட்டர் வெடிச்சாலும் உன் தொழில் பத்திரம். ஃப்ரீ சாஃப்ட்வேர் எங்கிட்ட இருக்கு. காசு குடுத்து வாங்குறவன் கேணப்பய."

"நீங்க பாத்துச் செய்ங்க சார்" என்றான் ஜெயபாண்டி. கேட்டதும் இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நோபல் பரிசே வந்துவிட்ட மாதிரி.

நான் டீ கிளாசோடு போய் நின்றேன். சிடியைப் போட்டான். திரையில் ஏதேதோ வாசகம் வந்தது. ஒன்றையும் படிக்கவில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஒத்துக்கொள்கிறேன், நெக்ஸ்ட். எதை ஒத்துக்கொண்டான் என்று அவனைப் பெற்றவர்களுக்கே தெரியாது. பிறகு செட்டிங் என்று ஒரு பக்கம் வந்தது. அதில்தான் தன் மேதாவித்தனத்தைக் காட்டினான். பொட்டலத்தைச் சிடி அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டச் சொன்னான். கட்டி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவா என்று ஒரு கட்டம் கேட்டது. அதற்கு நேரம் ஆகுமாம், வேண்டாம் என்று எடுத்துவிட்டான். கட்டி முடித்ததும் பழைய ஃபைல்களை அழித்துவிடவா என்று இன்னொரு கட்டம் கேட்டது. அதற்கு மட்டும் டிக் போட்டான்.

"அழிச்சிட்டா மறுபடி வேணும்னா?" என்று ஜெயபாண்டி பயந்துபோய்க் கேட்டான்.

"அதான் சிடில இருக்குல்ல? ரெண்டு எடத்துல வச்சா எடம்தான்யா வேஸ்ட்."

பேக்கப் என்றாலே இரண்டு இடத்தில் வைப்பதுதான் என்று பிற்பாடு எனக்கு ஒரு காலேஜ் பையன் சொன்னான். இந்த மேதை ஒரே இடத்தில் வைப்பதற்குப் பெயர் பேக்கப் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். துண்டு எல்லாம் சிடிகளுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் இருந்ததைத் துடைத்துவிட்டான். சாயங்காலம் கம்ப்யூட்டர் பறந்தது. பறக்காதா பின்னே, உள்ளே ஒன்றுமே இல்லையே. ஜெயபாண்டி எனக்கும் சேர்த்து பஜ்ஜி வாங்கினான். வெட்கமில்லாமல் நானும் தின்றேன்.

அந்தச் சிடிகளுக்குள் போன படங்களில் ஆவணி மாதத்துக் கல்யாணம் ஒன்று. ஜெயபாண்டியின் தாய்மாமன் காளையின் மகள் கல்யாணம். ஆல்பம் இன்னும் போடவில்லை. அறுப்பு முடியட்டும், நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று காளை சொல்லியிருந்தார். அவர் கேமராவைக் கண்டாலே ஓடுகிற ஆள். பந்தல் போட்ட கையோடு ஜெயபாண்டி அவரை இழுத்துக்கொண்டு வந்து, தலைப்பாகையோடு நிறுத்தி, "ஒரே ஒரு போட்டோ மாமா" என்று கெஞ்சி எடுத்தானாம். மனிதர் வாழ்க்கையில் தனியாக நின்று எடுத்த படம் அது ஒன்றுதான். இதை அவனே என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

ஆயுத பூஜை வந்தது. கேமரா, ஸ்டாண்ட், ஃப்ளாஷ், மானிட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஜெயபாண்டி வரிசையாக அடுக்கியிருந்தான். வெங்கடேஷ்பாபு முதல் ஆளாக வந்து நின்றான். பொரிகடலைக்கு அவனைப் போல நேரம் தவறாதவன் ஜில்லாவிலேயே கிடையாது.

"என்னய்யா, பேக்கப்புக்குப் பொட்டு வைக்கல? கடைக்கே சாமி அதுதான" என்றான். அவனே டப்பாவிலிருந்து சிடிகளை எடுத்தான். பேனாவால் எழுதியிருந்த பக்கம் முதுகாம், பளபளப்பாக இருக்கிற பக்கம்தான் முகமாம். முகத்தைப் பார்த்துத்தானே பொட்டு வைக்க வேண்டும்? பளபளப்புப் பக்கத்தை மேலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தான். கற்பூரம் காட்டினான். ஜெயபாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பாட்டு சிடில இந்தப் பக்கம் கீறல் விழுந்தாலே பாடாதே, இதுல இப்படி அப்புறியே" என்றேன்.

"அண்ணே, அது பாட்டு. இது டேட்டா" என்றான். அதற்கு மேல் பேச எனக்கென்ன தலையெழுத்தா? பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க இங்கே யாருக்கும் மனசு வராது. சிடிகள் அப்படியே டப்பாவுக்குள் போயின. சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது.

கார்த்திகையில் காளை இறந்துபோனார். வரப்பில் நடந்து போனவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கட்டையை வைத்திருக்கும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதற்கு அவர் மனைவி அன்னக்கொடி விடவில்லையாம். "சிரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ நம்ம மாப்ள ஜெயபாண்டிகிட்ட இருக்கு. அதுதான் வீட்டுல மாட்டணும்" என்று சொல்லிவிட்டார். ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த படம் மழை ஈரம் பட்டு முகமே கரைந்து கிடந்தது. ஆக, பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தப் படம் வேண்டும்.

மூன்றாம் நாளே அன்னக்கொடி பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். முழுகாமல் இருக்கிற மகளும் கூட வந்திருந்தாள். ஜெயபாண்டி டப்பாவைத் திறந்து சிடியைப் போட்டான். கம்ப்யூட்டர் கரகரவென்று முனகிவிட்டு வெளியே தள்ளியது. வெங்கடேஷ்பாபுவுக்கு ஆள் போயிற்று. இருபது நிமிஷத்தில் மொபெட் சத்தம் கேட்டது.

வந்தவன் சிடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். வரவில்லை. சுவரில் சாமி படத்துக்குக் கீழே திருநீற்றுக் கிண்ணம் இருந்தது. அதில் ஒரு பிடி அள்ளி, சிடியில் கொட்டி, ஈரத்துணியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தான்.

"என்ன சார் பண்றீங்க?" என்றான் ஜெயபாண்டி.

"எங்க வீட்டுல வெள்ளி வெளக்க இதுலதான்யா தேய்ப்பாங்க. கண்ணாடி மாதிரி ஆகிரும் பாரு."

ஆமாம், பளபளவென்றுதான் ஆனது. அன்னக்கொடிகூட அதைப் பார்த்து நம்பிக்கையாகத் தலையாட்டினார். கிட்டே போய்ப் பார்த்தால் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஒன்று விடாமல் அத்தனை சிடியையும் அந்தப் பாவி அப்படித் தேய்த்து முடித்தான். எனக்கு அவன் கையை உடைக்கலாமா என்று வந்தது. நான் உடைக்கவில்லை. கைகட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

மத்தியானம் வரை உட்கார்ந்து எதையோ தட்டினான். உடைந்த பொட்டலத்திலிருந்து வந்தவரைக்கும் எடுப்பதற்கு அந்தச் சாஃப்ட்வேரிலேயே ஒரு வழி இருக்கிறதாம். கடைசியில் முதல் சிடி மட்டும் பாதி படித்தது. கல்யாணப் படங்கள் எடுத்த வரிசையில் ஒவ்வொன்றாக வந்தன. வாசலில் கட்டிய வாழைமரம். மைக் செட். சமையல் அண்டா. அப்புறம் தலைப்பாகை தெரிந்தது.

"அப்பா" என்றாள் மகள்.

தலைப்பாகை வந்தது. திருநீறு பூசிய நெற்றி வந்தது. புருவம், இடுங்கிய இரண்டு கண். சிரிக்கிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம். தாலி கட்டியது, குடும்பமாக நின்றது, எதுவுமே அதற்குப் பிறகு வரவில்லை.

வெங்கடேஷ்பாபு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சொன்னான்: "ஃபிப்டி பர்சென்ட் ரெக்கவரி. இந்த நெலமைல இது பெரிய விஷயம் தெரியுமா?" பஜ்ஜி வரும் என்று வாசலைக்கூடப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

அன்னக்கொடி அழவில்லை. "வந்தவரைக்கும் பெருசாப் போட்டுக் குடு மாப்ள" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போனேன். வெங்கடேஷ்பாபுவும் வந்திருந்தான். கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். கூடத்துச் சுவரில் படம் மாட்டியிருந்தது. புதுசாகப் போகிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. தலைப்பாகை, நெற்றி, கண். மூக்குக்கு மேலே சரியாக வருகிற மாதிரி தடிமனான மாலையைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். மற்ற வீடுகளில் மாலை கழுத்தில் கிடக்கும். இங்கே அது வாயை மூடிக்கொண்டிருந்தது. காற்றில் லேசாக விலகினால்கூட அன்னக்கொடி எழுந்து போய் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எத்தனை தடவை எழுந்திருப்பது?

பந்தியில் வெங்கடேஷ்பாபு எனக்கு எதிர்வரிசை. பக்கத்து இலைக்காரரிடம் சுவரைக் காட்டி, "அந்தப் போட்டோ நான்தான் ரெக்கவர் பண்ணிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவரும் "அப்படிங்களா சார்" என்றார். அவனுக்கு அது போதும்.

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த அன்னக்கொடி காதிலும் அது விழுந்தது. அவன் இலை முன்னால் நின்றார். கோபப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எனக்கு அந்த மொகம் மனப்பாடம் சார். பொறக்கப்போற பிள்ளை, தாத்தா மீசை எப்படி இருக்கும்னு கேட்டா நான் எதக் காட்டுறது?"

ஜெயபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். வெங்கடேஷ்பாபு கையிலிருந்த அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டான்.

"மீசைதானம்மா, வரைஞ்சுரலாம். அதுக்கும் ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு. அடுத்த வாரம் கொண்டு வாரேன்."

அன்னக்கொடி பாயச வாளியோடு அடுத்த இலைக்குப் போனார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். அவன் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.