சத்தத்தை அணைத்தவன்

போளூரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, ஜவ்வாது மலையில் ஒரு சிறிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அங்கே எடுத்த எக்ஸ்ரே படங்களெல்லாம் ஒரு சர்வரில் இருந்தன. உள்ளே மூன்று டிஸ்க்குகள். படங்கள் மூன்றிலும் பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்கலாம். மூன்றையும் மேய்க்கிற அட்டைக்கு ரெய்ட் கன்ட்ரோலர் என்று பெயர். ஒரு டிஸ்க் விலகினால் அது விடாமல் கீச்சிடும்.

ஒருமுறை மின்சாரம் போய்வந்ததில் ஒரு டிஸ்க் விலகிவிட்டது. மருத்துவர் போன் செய்தார். இளம்பெண். "சார், பேஷண்ட் நெஞ்சுல ஸ்டெத் வெச்சா உங்க பொட்டி சத்தம்தான் கேக்குது" என்றார். மேலே போய் டிஸ்க்கை மறுபடி சேர்த்தேன். அது முழுதாகச் சேர்ந்து முடியப் பல மணி நேரம் ஆகும். அதுவரை கீச்சுச் சத்தமும் நிற்காது. எனக்கோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சர்வரின் கருப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் அப்போதைய சத்தம் மட்டும் அடங்கும். இன்னொன்றைத் தட்டினால் இனி எப்போதுமே சத்தம் வராது. வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவதைத் தட்டினேன். இதற்காக இன்னொரு தடவை மலையேறிவர எனக்கு மனமில்லை. கைதவறி நடந்ததாகப் பிறகு ஒன்றிரண்டு பேரிடம் சொன்னேன். பொய்.

சாமை அறுப்பு சமயத்தில் ஒரு பெண் இருமலோடு அங்கே வந்தாள். புதிதாக எடுத்த படத்தில் வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல். சில வருடங்களுக்கு முன்பும் அவளுக்கு அங்கேயே படம் எடுத்திருந்தார்கள். அதிலும் இதே நிழல் இருந்தால் பழைய தழும்பு, பேசாமல் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேலூருக்குப் போய், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய படத்தைத் திறக்கப் போனால் சர்வர் திறக்கவில்லை. எனக்குப் போன் வந்தது.

போய் உட்கார்ந்தேன். கட்டளை தட்டினேன், அப்படி ஒன்று இல்லை என்றது. மென்பொருளை யாரோ புதுப்பித்திருந்தார்கள், பழைய கட்டளைகள் செல்லவில்லை. உதவி கேட்டால் பக்கம் பக்கமாக ஓடியது. டிஸ்க்கைக் குறிக்க இரண்டு எண் கொடுக்க வேண்டும், முதல் எண்ணைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் மின்சாரம் போனது. கடைசியில் பட்டியல் வந்தது: இரண்டு டிஸ்க்குகள் போய்விட்டிருந்தன. ஒன்று இப்போது. இன்னொன்று பல மாதங்களுக்கு முன்பே போய், யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. சத்தம் போட வேண்டியதை நான் வாயடைத்து வைத்திருந்தேன்.

அந்தப் பெண் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், அதுக்கும் இருமலா?"

சிரிக்க முடியவில்லை.

கடைசியாக விலகிய டிஸ்க்கை வலுக்கட்டாயமாக உள்ளே சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சேர்த்தேன். கோப்புகள் தெரிந்தன. அவள் படத்தைத் திறந்தேன். கழுத்தெலும்பு வந்தது, மேல் விலா எலும்புகள் வந்தன, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். திரும்பத் திரும்பப் படிக்கவைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. பிறகு அந்த டிஸ்க்கும் ஒரேயடியாகப் போய்விட்டது.

மருத்துவர் வேலூருக்குச் சீட்டு எழுதினார். சத்தத்தை நான்தான் அணைத்தேன் என்று இருவரிடமும் சொன்னேன். மருத்துவர் பேனாவை மூடினார். அந்தப் பெண்தான் கேட்டாள்.

"சத்தம் வந்துனு இருந்தா மட்டும் வந்துருப்பீங்களா?"

"தெரியலம்மா."

"அப்போ வேலூருக்காவது வாங்க. எனக்கு அந்த ஊர்ல வழி தெரியாது."

போனேன். வரிசையில் நின்றேன், அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். முடிவு வர நாளாயிற்று. அதுவரை அவள் வேலூரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினாள். பழைய தழும்புதான் என்றார்கள். அவள் மலைக்குத் திரும்புவதற்குள், அறுக்க ஆளில்லாமல் அவளுடைய சாமையில் பாதி நிலத்திலேயே உதிர்ந்துவிட்டது.