மூடியில் இரண்டு பள்ளம்

எங்கள் பீரோவின் மேல்தட்டில் பழைய துண்டில் சுற்றி ஒரு லேப்டாப் கிடக்கிறது. இப்போது அதில் சார்ஜ் நிற்காது. திரையில் பாதி கறுப்பு. துண்டைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது மூடியின் இரண்டு மூலைகளிலும் இருக்கும் பள்ளங்கள்தான். ஒன்று என் இடது முன்கை பட்ட இடம். மற்றது என் கணவனாக இருந்தவனின் தாடை பட்ட இடம். முதலாவது அவன் அடித்தது. இரண்டாவதை அடித்தவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. எனக்கு நாத்தனார் முறை. அண்ணி என்று கூப்பிடுவேன். போகி வந்தால் போதும், இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டால் என்ன என்று என் மகள் ஆரம்பித்துவிடுவாள். நான் காதில் வாங்குவதில்லை.

திண்டிவனம் பக்கத்திலிருந்து நான் அம்பத்தூருக்கு மருமகளாக வந்தபோது அண்ணி கீழ்வீட்டில் தன் அம்மாவோடு இருந்தாள். நாங்கள் மாடியில். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் கம்ப்யூட்டர் வேலை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். காய்கறி வண்டிக்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்வரை குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் போவார். அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. இணையம் பார்க்க நாம் எல்லோரும் திறக்கிறோமே பிரவுசர், அதன் புதுப் பதிப்பு ஊருக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே அவளுக்கு வந்துவிடும். அதைச் செய்கிறவர்கள் எந்தத் தேசத்தில் இருக்கிறார்களோ தெரியாது. சம்பளம் கிம்பளம் ஒன்றும் வாங்காமல், எங்கெங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அவர்களுக்கு எழுதி அனுப்புவாள். ஒரு காலத்தில் அதில் தமிழ் எழுத்தெல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறித் தெரிந்ததாம். இவள் கோபத்தில் திட்டி எழுத, அப்படியானால் நீங்களே முன்கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சேர்த்துக்கொண்டார்களாம். அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடியில் ஒரு பேக்கரி மாடியில் இந்தப் பைத்தியங்கள் எல்லாம் கூடும். ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிகளிலிருந்து வருகிற ஐ.டி. பையன்கள், பூந்தமல்லியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், நடுவில் என் நாத்தனார். ஆளுக்கொரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தப் புதுப் பதிப்பை அடிப்பார்கள். அடிப்பது என்றுதான் அவர்களும் சொல்வார்கள். ஒரே நேரத்தில் நூறு பக்கம் திறப்பது, பாதியில் வயரைப் பிடுங்குவது, அது மூச்சுத் திணறும்போது மேலும் மேலும் சுமை ஏற்றுவது. கடைசியில் ஒருவர் மேசையைத் தட்டி "செத்துச்சு" என்பார். முதலில் சாகடித்தவருக்கு அன்றைய டீ இலவசம். பெரும்பாலும் அண்ணிதான் ஓசி டீ குடிப்பாள். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனாள். தோள் வீக்கத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இவ்வளவு சந்தோஷமாக ஒன்றைப் போட்டு அடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்களிடம் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவர் குறை சொன்னால் உடனே நம்பக்கூடாது. அவர் செய்ததையே இன்னொருவர் செய்து, தன் கண்ணால் அதே கோளாறைப் பார்த்த பிறகுதான் அது கோளாறு. அதனால் யார் என்ன சொன்னாலும் அண்ணியின் முதல் கேள்வி ஒன்றுதான்: "அதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ணே?" இரண்டாவது, சோதனைப் பதிப்பைத் தனியாக எடுத்து வைத்து அழகு பார்க்கக் கூடாது. பில் கட்டுவதும் படம் பார்ப்பதும் அதில்தான் நடக்க வேண்டும். தினம் புழங்கினால்தான் ஓட்டை தெரியும் என்பாள். எங்கள் மாடி வீட்டு லேப்டாப்பிலும் அதைத்தான் போட்டுவைத்தாள். புதுப் பதிப்பு வந்த மறுநாள் காலை, கையில் காபி டம்ளரோடு மேலே ஏறி வந்து அதைச் சோதித்துவிட்டுப் போவாள்.

மாடியில் இன்னொரு அடியும் நடந்துகொண்டிருந்தது. என் கணவன் கெட்டிக்காரன். ரவிக்கைக்கு வெளியே தெரிகிற இடத்தில் அடிக்க மாட்டான். கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினால் வீக்கம் முடிக்குள் மறைந்துவிடும் என்று தெரிந்தவன். இஸ்திரிப்பெட்டி வயரால் முதுகில் விளாசுவான். நடுவில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வயரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வான். "வாக்கா, காப்பி குடிக்கிறியா?" என்பான். அந்தக் குரலில் அப்படி ஒரு வெல்லம். என் மகள் அப்போது சின்னவள். அப்பா பேப்பரை மடித்து வைத்தாலே எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அண்ணியிடம் சொன்னேன். தொழிற்சாலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பதறவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போது நடந்தது, அதற்கு முன்னால் நான் என்ன பண்ணினேன், என்ன பேசினேன், அதைப் பேசாமல் இருந்தாலும் அடிக்கிறானா என்று வரிசையாகக் கேட்டாள். முதுகைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கண்ணு முன்னாடி அவன் கை ஓங்குனதே கிடையாது. நான் பாக்காம எப்டிடீ நம்பறது?" என்றாள். அவளை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு. அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி எனக்குள்ளேயே குடிவந்துவிட்டது. குழம்பில் உப்பு கூடிவிட்டதா, அம்மாவிடம் போனில் அதிகம் பேசினேனா என்று நானே தேட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக நிறுத்தினேன். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அடித்தான். சும்மா உட்கார்ந்திருந்ததற்கும் அடித்தான்.

இனி இங்கே இருந்தால் குழந்தையைத் தாயில்லாப் பிள்ளை ஆக்கிவிடுவான் என்று ஒருநாள் எனக்குப் பட்டுவிட்டது. அவன் வேலைக்குப் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். பார்த்தது எதையும் நினைவில் வைக்காத மறைநிலை ஜன்னல் ஒன்று பிரவுசரில் உண்டு. மூடினால் தடயமே இருக்காது. அதில் ஆவடி பக்கம் குழந்தையோடு சேர்த்துக்கொள்கிற பெண்கள் விடுதியைத் தேடினேன். வக்கீல், மகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் தேடினேன். திங்கட்கிழமை கிளம்புவது என்று முடிவு. சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒருமுறை விடுதியின் முகவரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது புதுப் பதிப்பு வந்து இறங்கியது. பிரவுசர் அப்படியே உறைந்து தானாகச் செத்துவிட்டது. செத்தால் மறைநிலை ஜன்னலும் அதோடு செத்ததாகத்தான் அர்த்தம். அப்படித்தான் அண்ணியே எனக்குச் சொல்லித் தந்திருந்தாள்.

ஞாயிறு காலை கரண்ட் பில் கட்ட அவன் லேப்டாப்பைத் திறந்தான். நான் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். செத்ததையெல்லாம் அந்தச் சோதனைப் பதிப்பு ஒன்றுவிடாமல் எழுப்பி அவன் முன்னால் நிறுத்தியது. விடுதி, வக்கீல், பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். படித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, புதுப் பதிப்பைச் சோதிக்க அண்ணி காபி டம்ளரோடு படியேறி வந்தாள். செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. அன்று அவனுக்குக் கேட்கவில்லை.

லேப்டாப்பை மூடினான். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்து என் தலையைக் குறிவைத்து இறக்கினான். நான் கையைக் குறுக்கே கொடுத்தேன். எலும்பு முறிகிற சத்தம் பச்சை மூங்கிலை ஒடிப்பது மாதிரி இருந்தது. கீழே விழுந்தேன். வயிற்றில் மிதித்தான். மறுபடி ஓங்கினான். அப்போதுதான் வாசலில் அண்ணியைப் பார்த்தான். கையை இறக்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். "நீ கீழ போக்கா, இது எங்க விசயம்" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க என் விலாவில் இன்னொரு மிதி மிதித்தான். அண்ணி காபி டம்ளரை அவன் முகத்தில் வீசினாள். அவன் திரும்பி அவள் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். ஃப்ரிட்ஜில் மோதிச் சரிந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. விழுந்தவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். தடுமாறியதில் லேப்டாப் அவன் கையைவிட்டு நழுவியது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழு பலத்தோடு அவன் தாடையில் வீசினாள். பற்கள் சமையல் மேடை வரைக்கும் தெறித்தன. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவனை, அவன் மேல் விழுந்து, கை ஓய்கிற வரைக்கும் குத்தினாள். கீழே கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு போடு என்று மனசுக்குள் சொன்னேன். அடுப்பில் தோசை கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டார்கள், அவளுக்குக் காதில் பஞ்சு வைத்தார்கள். அங்கிருந்து ஆட்டோவில் நேரே போலீஸ் ஸ்டேஷன். மகள் அண்ணியின் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தண்ணீரெல்லாம் கொடுக்கச் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவை நிறுத்தி, "சரிம்மா, அடிச்சாரு. அதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணே?" என்றார். வழக்கம்போல நான் என்ன பண்ணினேன் என்று எனக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன். அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அந்தக் கேள்வி வேணா சார். நான்தான் வருசக்கணக்கா இவள அதையே கேட்டுக்கினு இருந்தேன். நான் கேட்டுக்கினே இருந்ததாலதான் இன்னிக்கி இவ கை உடைஞ்சி கீது. இப்ப எங்கண்ணால பாத்துட்டேன். அடிச்சது எந்தம்பிதான். எழுதிக்கோங்க. அவன் பல்ல உடைச்சது நானு. அதையும் எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். நான் அப்போதுதான் அழுதேன். நாங்கள் திரும்பிப் போனபோது மாமியார் அண்ணியின் துணிமணிகளைத் தெருவில் விசிறியிருந்தார். பெற்ற பிள்ளையின் வாயை உடைத்தவள் எனக்கு மகளே இல்லை என்று மண்ணை வாரித் தூற்றினார். அண்ணி ஒவ்வொரு துணியாகப் பொறுக்கினாள், எங்களோடேயே வந்துவிட்டாள். கொஞ்சநாள் விடுதி, பிறகு பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் இந்த வீடு. அம்மா செத்த செய்திகூட அவளுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. அறை வாங்கிய வலது காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவளிடம் எது சொல்வதென்றாலும் நாங்கள் இடது பக்கம் போய் நின்றுதான் சொல்வோம்.

இங்கே வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அந்த மறைநிலை ஜன்னல் எழுந்து நின்ற கோளாறை எழுதி அனுப்பியது. எங்களால் அதை இங்கே வரவழைக்க முடியவில்லை, அதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பதில் வந்தது. அவள் எத்தனையோ பேரைக் கேட்ட கேள்வி. ஆத்திரத்தில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. காதில் கட்டோடு உட்கார்ந்து, தன் கம்ப்யூட்டரில் அதைச் சாகடித்துச் சாகடித்து எழுப்பினாள். கடைசியில் ஒருநாள் எழுந்தது. போனில் படமெடுத்து அனுப்பினாள். உலகத்துக்குப் போன பதிப்பில் அந்த ஓட்டை இல்லை. இதை வைத்து எந்த வீட்டில் எவள் தலை தப்பியதோ, நமக்குத் தெரியப் போவதில்லை.

போன மாதம் பூந்தமல்லியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். மளிகைக்கடை வைத்திருப்பவர், குரலில் நிறைய தயக்கம். என்னிடமிருந்து விவாகரத்து வாங்கியவனுக்குத் தன் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறார்களாம். முதல் மனைவி மேல்தான் தப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். "தப்பா நினைச்சுக்காதம்மா, நீ என்ன பண்ணே, எதனால அடிச்சாரு?" என்று கேட்டார். அதே கேள்வி என்னைத் தேடிப் பருத்திப்பட்டுக்கே வந்துவிட்டது. நான் போனை அண்ணியின் இடது காதில் வைத்தேன். கேட்டாள். நேரில் வாருங்கள், காட்ட ஒன்று இருக்கிறது என்றாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கையில் ஆப்பிள் பை. நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். அண்ணி பீரோ மேலிருந்து லேப்டாப்பை இறக்கித் துண்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். என்னைக் கூப்பிட்டு, வளைந்தே கூடிப்போன என் இடது கையை முதல் பள்ளத்தின் மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அச்சுப் போட்டது போலப் பொருந்தியது. அவர் மறு மூலையைத் தடவி, இது எதில் பட்டது என்று கேட்டார்.

"அது நான் அவன் தாடையில அடிச்சது" என்றாள் அண்ணி. "நான் அவன் கூடப்பொறந்தவ. பாத்துட்டுதான் நம்புவேன்னு இருந்து, இந்தக் காதக் குடுத்தேன். உங்க ஊட்ல யாரும் பாத்து நம்பற வரைக்கும் போவ வேணாம்ணே."