யாரும் கேட்காத கிழக்கு ஜன்னல்கள்

"லைக் விழுந்தா ஒழுக்கு நிக்குமா, தாயி?"

மில்லுக்காரர் அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது, நான் அவருடைய பழைய ரயில் பெட்டிக்குள் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூரை ஓட்டை வழியாக இறங்கிய வெயில், மரப்பலகை இருக்கையில் ஓர் ஆள் போல உட்கார்ந்திருந்தது.

மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்கியபோது ஏலத்துக்கு வந்த பெட்டி அது. ஹோட்டல் வைக்கலாம் என்று அண்ணாச்சி வாங்கி, மூடிக்கிடந்த தன் பஞ்சு மில்லுக்குள் நிறுத்தியிருந்தார். ஹோட்டல் வரவே இல்லை. நான் நடக்கப் பழகும் முன்பே அது அங்கே நிற்கத் தொடங்கிவிட்டது. ரயில் மேல் பிரியமுள்ள நாங்கள் சிலர் சேர்ந்து, பழுது பார்த்து ஊருக்குத் திறந்துவிடுகிறோம் என்று கேட்டோம். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையும் ஜன்னல்களும் அடைபட வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்காரருக்கு.

நன்கொடை கேட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. முகம் தெரியாதவர்கள் நான் எழுதுவதை வாசிக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஒவ்வொரு பதிவையும் அம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவேன்.

முதலில் பாரம்பரியம், மீட்டெடுப்பு என்றெல்லாம் எழுதினேன். இதயக்குறிகள் குவிந்தன. கூரை அப்படியே ஒழுகியது.

எங்கள் பக்கத்துக் கோயில்களில், டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. ஜன்னலுக்கு ஒருவர் உபயம், சட்டத்தில் அவர் பெயர் என்று போட்டேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் உடனே குரல்பதிவு அனுப்பினார். "தங்கச்சி, மலை தெரியுத பக்கமாப் பாத்து ஒண்ணு போடுங்க. லீவுல வரும்போது மலையக் கண்டாத்தான் வீடு வந்த மாதிரி இருக்கும்." அதைக் கேட்டபின் எல்லோருக்கும் மலை வேண்டியிருந்தது. மேற்கு ஜன்னல்கள் அத்தனையும் போய்விட்டன. கூரைக்குப் புதுத் தகடும் வந்தது.

கிழக்குப் பக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. பெட்டி நிற்கும் இடத்தில், அந்தப் பக்கம் கைநீட்டினால் குடோன் சுவர். உள்ளதை உள்ளபடி படம் எடுத்துப் போட்டிருந்தேன். "சுவத்தப் பாக்கதுக்கு நான் துட்டு தரணுமாக்கும்?" என்று ஒருவர் கீழே எழுதினார்.

"பாதிப் பெட்டிக்குத்தான் ஜன்னல் வருது. மழை என்ன, மீதிப் பாதியில வராதோ?" என்றார் அண்ணாச்சி. பழைய இரும்புக்காரர் வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதையும் சொன்னார்.

"ஏட்டி, பெட்டியத் திருப்பிப் போட்டா என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"அப்பவும் ஒரு பக்கம் சுவருதாம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குக் காலை ரயிலேறினேன். கிழக்குப் பக்கம் உட்கார்ந்து, அந்தச் சுவர் மறைப்பதையெல்லாம் வீடியோ எடுக்கப் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்தேன். பெட்டியில் பாதிப் பேர் தூங்கினார்கள். பனிப்புகைக்குள் இருந்து கரிசல் நிலம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மக்காச்சோளத் தட்டைகள், ஒற்றை உடைமரம், எதற்கோ காத்திருப்பதுபோல நின்றிருந்த காற்றாலைகள். சூரியன் எங்களோடு கூடவே ஓடி வந்து, ஒரு குளத்துக்குள் விழுந்து, மறுகரையில் எழுந்து மறுபடி ஓடியது. ஓடி நான் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பழைய பெட்டிக்குள்தான் அப்போது உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

வீடு வந்ததும் காட்சியை அப்படியே போட்டுவிட்டேன். அதிலிருந்து அம்மாவின் குரலை நீக்க மறந்துபோனேன். ரயில் சத்தத்துக்கு நடுவே அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்திருந்தாள்.

"மயிலு. ரெண்டு. இல்ல, பின்னால ஒண்ணு நொண்டிக்கிட்டு வருது. அந்தா கிணறு, அதுலதான் உங்க சித்தப்பன் குதிச்சுப் பல்ல ஒடச்சான். இங்கன எறங்குனா நடந்தே எங்க மதினி வீட்டுக்குப் போயிரலாம். ஏட்டி, தூங்குதியா?"

குருவிகுளம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதினாள்: "அந்த மதினி எந்த ஊரு? எங்க ஊரா இருக்கும்போல. கிழக்கு ஜன்னல் ஒண்ணு எனக்கு." இன்னொருத்தி எழுதினாள்: "சுவரா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சியில வெயில் அடிக்காதுல்லா." பல்லுடைந்த சித்தப்பா நலமா என்று சிலர் கேட்டார்கள். கிழக்கு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இன்னொருக்க வாசி" என்றாள்.

எனக்குத்தான் உறுத்தல். நாளைக்கு அவர்கள் வந்து உட்காரும்போது எதிரே காரை பெயர்ந்த சுவர் அல்லவா இருக்கும்? அண்ணாச்சியிடம் போய், சுவருக்கு வெள்ளையடித்து, சாயங்காலங்களில் அதன் மேல் அந்த ரயில் காட்சியை ஓட்டலாமா என்று கேட்டேன்.

"என் சுவத்துல சினிமாவா?"

"சினிமா இல்ல அண்ணாச்சி. நம்ம கிழக்குக் காடு. உள்ள உக்காந்து பாத்தா ரயில் போற மாதிரியே இருக்கும்."

அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். போனை எடுத்து, தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

நேற்று சுவருக்கு வெள்ளையடித்து முடித்தோம். ராஜபாளையம் வரைக்கும் வழி முழுவதையும் விடாமல் எடுக்க வேண்டும் என்று இன்று காலை மறுபடி ரயிலேறிவிட்டேன். போன் கம்பியில் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் அம்மா. அவள் சேலைத் தலைப்பில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டிருக்கிறேன்.